பழைய பட ஸ்கோர் ரீஇஷ்யூ: அதே இசைய எத்தன தடவ வாங்குறது?

ஒரு வாசகரோட கேள்வி, ஜனவரி 9

பழைய ஹாலிவுட் படங்களோட பின்னணி இசைய, அதாவது ஸ்கோர, "ரீஸ்டோர் பண்ணது, முதல் முறையா முழுசா"ன்னு போட்டு ரீஇஷ்யூங்குற பேர்ல திரும்பத் திரும்ப விக்கிறாங்க. முதல்ல எல்பி இசைத்தட்டு, அப்புறம் சிடி, அப்புறம் எக்ஸ்பாண்டட் சிடி, அப்புறம் அதுக்கும் ஒரு ரீமாஸ்டர். ஸ்ட்ரீமிங்ல எல்லாமே கிடைக்குது. இத வரிசைல நின்னு வாங்குறவங்க உண்மையில எத வாங்குறாங்க? அட்டைய தானே?

ஜனவரி 9, ராத்திரி

எல்லாமே கிடைக்குதுன்னு சொன்னீங்களே, அங்கதான் விஷயமே இருக்கு. நீங்க படத்துல கேட்ட ரெக்கார்டிங்கும் ஸ்ட்ரீமிங்ல ஓடுற ரெக்கார்டிங்கும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே கிடையாது.

சுறா படம் ஜாஸ், 1975. அதோட எல்பி கிராமி வாங்கிச்சு. ஆனா அந்த எல்பில இருக்கிறது படத்துல ஓடுற வாசிப்பு கிடையாது, ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்குன்னே ஆர்க்கெஸ்ட்ராவ மறுபடி உக்கார வச்சு, சில இடத்த நீட்டி, சில இடத்த சேத்து, வீட்ல உக்காந்து கேக்குற மாதிரி திரும்ப ரெக்கார்ட் பண்ணது. தண்ணிக்கு அடியில அந்த ரெண்டு சுரம் கிட்ட வர்றப்ப வயித்த கலக்குமே, தியேட்டர்ல ஜனங்க கேட்ட அந்த வாசிப்பு தனி டிஸ்க்கா வெளிய வர 2000 ஆச்சு. 2015ல இன்ட்ராடா லேபிள் படத்து வாசிப்பு ஒரு டிஸ்க், எல்பி வாசிப்பு ஒரு டிஸ்க்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடுத்தாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க, ஒரே ஆள் எழுதுன ஒரே இசை ரெண்டு விதமா மூச்சு விடும். அட்டைக்காக யாரும் இதுக்கு பணம் குடுக்கல.

ஜனவரி 10

"அப்ப முதல்லயே முழுசா போட்டிருக்கலாமே"ன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி.

ரெண்டு காரணம். ஒண்ணு, எல்பில ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் சொச்சம் போட்டாதான் சத்தம் நல்லா இருக்கும், அதுக்கு மேல திணிச்சா பள்ளம் நெருங்கி சத்தம் மெலிஞ்சிரும். ரெண்டாவது, அமெரிக்காவுல இசைக்கலைஞர் சங்கத்தோட ஒப்பந்தம். படத்துக்கு வாசிச்சத ஆல்பமா போட்டா வாசிச்சவங்களுக்கு மறுபடியும் பணம் குடுக்கணும், ரீயூஸ் ஃபீஸ்னு பேரு. 80 பேர், 90 பேர் ஆர்க்கெஸ்ட்ரான்னா அந்த தொகை எங்கயோ போயிரும். அதனால பல வருஷம் அங்க ரெக்கார்ட் பண்ண ஸ்கோர் ஆல்பம்லாம் 30 நிமிஷத்த ஒட்டியே வந்துச்சு. ரெண்டு மணி நேர படம், ஒரு மணி நேரத்துக்கு மேல இசை, கையில கிடைக்கிறது அரை மணி நேரம். மிச்சம் ஸ்டுடியோ கிடங்குல.

லண்டன்ல ரெக்கார்ட் பண்ணதுக்கு இந்த கணக்கு வேற. ஸ்டார் வார்ஸ் 1977லயே ரெட்டை எல்பியா வந்துச்சு பாருங்க, அது லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, டெனம்ல இருந்த ஆன்வில் ஸ்டுடியோ.

இதுல வாசிச்சவங்க பணம் கேட்டது தப்புன்னு நான் சொல்ல வரல. அவங்க உழைப்பு அது. பின்னால சங்கமே இறங்கி வந்து கம்மி பிரதிக்கு கம்மி கட்டணம்னு ஒரு வழி வச்சதாலதான் 3000 பிரதி லிமிடெட் எடிஷன்ங்குற கலாச்சாரமே வந்துச்சு. அந்த 3000ங்குற நம்பர் நிறைய பேர் நினைக்கிற மாதிரி கிராக்கி ஏத்துறதுக்கு வச்ச தந்திரம் கிடையாது, ஒப்பந்தத்துல இருந்து வந்தது.

ஜனவரி 12

இத ஏன் இவ்ளோ அவசரமா வாங்குறாங்கன்னு கேக்குறவங்களுக்கு என்னோட பதில் இது, இந்த இழைல நான் சொல்ல நினைக்கிறதே இதுதான்.

டேப் செத்துக்கிட்டு இருக்கு. 

50கள்ல, 60கள்ல ஸ்டுடியோக்கள் இசைய 35 எம்எம் காந்த ஃபிலிம்ல மூணு ட்ராக்கா பதிவு பண்ணி வச்சாங்க. அந்த ஃபிலிமோட அடித்தளம் அசிடேட். வருஷம் ஆக ஆக அது அசிடிக் ஆசிட் கக்க ஆரம்பிக்கும், டப்பாவ திறந்தா வினிகர் வாடை அடிக்கும், அதனாலயே அதுக்கு வினிகர் சிண்ட்ரோம்னு பேரு. ஆரம்பிச்சா நிக்காது, கக்குன ஆசிடே மேல மேல அத கெடுக்கும், பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். ஃபிலிம் சுருங்கும், நெளியும், கடைசில ஒலிய படிக்கிற ஹெட்டுக்கு மேல ஒட்டி ஓடவே மாட்டேங்கும். 70கள், 80கள் டேப்புக்கு வேற வியாதி, ஒலி பதிஞ்சிருக்குற ஆக்சைட புடிச்சு வச்சிருக்குற பசை ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆயிரும், ஓட்டுனா ஆக்சைடே உரிஞ்சு ஹெட்ல அப்பும். அத சுமார் 50, 55 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா வாட்டி எடுத்தா கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம், அதுக்குள்ள டிஜிட்டலுக்கு மாத்திரணும்.

இப்ப யோசிங்க, ஒரு ஸ்டுடியோ கிடங்குல ஆயிரக்கணக்குல டப்பா. எத முதல்ல எடுத்து வாட்டுறது, எத மாத்துறது? பணம் யார் போடுவா? ஒரு லேபிள் வந்து "இந்த படத்து ஸ்கோர நாங்க போடுறோம், காசு குடுக்குறோம்"னு கேட்டாதான் அந்த டப்பா அலமாரிய விட்டு இறங்கும். பல ஸ்கோருக்கு அந்த ரீஇஷ்யூவுக்காக எடுத்த ட்ரான்ஸ்ஃபர்தான் முதல் நல்ல ட்ரான்ஸ்ஃபர், அதுவே கடைசியாவும் இருக்கலாம், ஏன்னா பத்து வருஷம் கழிச்சு அந்த டேப் ஓடாது. வாங்குற அந்த சில ஆயிரம் பேரு காசுதான் அந்த டப்பாவ திறக்க வைக்குது. நான் ஒரு டிஸ்க் வாங்குறப்ப எனக்கு அதுதான் மனசுல ஓடும்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழிச்சு

டேப் தானா கெட்டா கூட பரவால்ல, 2008 ஜூன் 1ம் தேதி யூனிவர்சல் ஸ்டுடியோவுல பத்துன தீ ஞாபகம் இருக்கா? கிடங்குல இருந்த ஒலி மாஸ்டர்களும், அதாவது மூலப் பதிவுகளும், அதுல போச்சுங்குறது வெளிய பெருசா தெரிய வந்ததே 2019ல நியூயார்க் டைம்ஸ் எழுதுனப்பதான்.

ஜனவரி 15

ஒருத்தர் "இப்பல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு, படத்துல இருந்தே இசைய பிரிச்சு எடுத்துரலாம், டேப் எதுக்கு"ன்னு எழுதியிருக்கார். ப்ரோ, பிரிக்கிற சாஃப்ட்வேர் நல்லா முன்னேறியிருக்கு, ஒத்துக்குறேன். ஆனா படத்துல கேக்குற இசை ஏற்கெனவே சதை போனது. வசனம் வர்ற இடத்துல இசைய கீழ இறக்கியிருப்பாங்க, ஒரு க்யூவ, அதாவது ஒரு காட்சிக்குன்னு எழுதுன இசைத்துண்ட, நடுவுல வெட்டி தூக்கியிருப்பாங்க, வேற ரீல்ல இருந்து எடுத்து ஒட்டியிருப்பாங்க, சில க்யூ படத்துலயே இருக்காது. இல்லாதத எந்த மென்பொருள் பிரிச்சுக் குடுக்கும்?

இசைய வாசிச்சப்ப நேரா பதிவு பண்ண செஷன் டேப் கிடைக்காதப்ப லேபிள்காரங்க வசனம், இசை, சத்தம்னு தனித்தனியா வச்ச ஸ்டெம்ல இருந்து இசைய மட்டும் எடுப்பாங்க. அது அடுத்த நல்ல வழி. அதுலயும் எடிட்டரோட கத்தரி பட்டிருக்கும்.

மென்பொருள் நிஜமா அதிசயம் பண்ற இடம் வேற. டேப் ஓடுற வேகத்துல வர்ற நடுக்கம் இருக்கே, பியானோ நீண்டு ஒலிக்கிறப்ப லேசா அழுற மாதிரி கேக்கும், அத சரி பண்ண ப்ளான்ஜென்ட் ப்ராசஸஸ்னு ஒரு முறை இருக்கு. ரெக்கார்ட் பண்றப்ப டேப்ல காதுக்கே கேக்காத உயர் அதிர்வெண்ல பயாஸ்னு ஒரு சிக்னல் பதிஞ்சிருக்கும். அது மாறாத அதிர்வெண். அதையும் சேத்து படிச்சா, அது எங்கெங்க ஆடுதோ அங்கெல்லாம் டேப்பே ஆடியிருக்குன்னு தெரிஞ்சிரும், அந்த ஆட்டத்த கழிச்சிரலாம். ஆனா பாருங்க, அதுக்கும் ஒரிஜினல் டேப் வேணும். காப்பிக்கு காப்பி எடுத்ததுல அந்த பயாஸ் இருக்காது.

ஜனவரி 18

எனக்கு ரொம்ப புடிச்ச கதை இது, எழுதாம விட முடியல.

ஸ்டீரியோ வர்றதுக்கு முன்னாடி, 30கள் 40கள்ல, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ்ல ஆர்க்கெஸ்ட்ராவ ரெண்டு மைக் வச்சு, ரெண்டு இடத்துல இருந்து, தனித்தனி ஆப்டிகல் ஃபிலிம்ல, அதாவது ஒலிய ஒளியால பதிக்கிற ஃபிலிம்ல, பதிவு பண்ணுவாங்க. ஒண்ணு கிட்ட, ஒண்ணு தள்ளி, இல்ல ஒண்ணு தந்தி வாத்தியத்து பக்கம் இன்னொண்ணு மத்த பக்கம். ஸ்டீரியோ அவங்க கனவுல கூட கிடையாது, மோனோவா கலக்குறப்ப எது தூக்கலா வேணுமோ அத கூட்டிக்க வசதியா இருக்கும்னு பண்ணது. எம்ஜிஎம்லயும் இதே பழக்கம் இருந்துச்சு.

பல வருஷம் கழிச்சு ரீஸ்டோர் பண்ற ஆளுங்களுக்கு ஒரு யோசனை. ஒரே வாசிப்பு, ரெண்டு கோணம், ரெண்டு ஃபிலிமும் கிடங்குல இருக்கு. ரெண்டையும் நூல் புடிச்ச மாதிரி ஒத்து ஓட விட்டு ஒண்ண இடதுலயும் ஒண்ண வலதுலயும் போட்டா? நிஜமான ஸ்டீரியோ! போலி ஸ்டீரியோ கிடையாது, அந்த அறையில ரெண்டு மைக் நிஜமாவே கேட்டது. 1939ல வந்த விசார்ட் ஆஃப் ஆஸ் படத்து இசைய 1995ல ரைனோ லேபிள் ரெண்டு சிடியா போட்டப்ப இப்படி கோணங்கள சேத்த பகுதிகளும் அதுல வந்துச்சு. 

முதல் தடவ இந்த மாதிரி ஒண்ண ஹெட்ஃபோன்ல கேட்டப்ப, அது வரைக்கும் தட்டையா ஒரு சுவரு மாதிரி நின்ன ஆர்க்கெஸ்ட்ரா அப்படியே ரெண்டு பக்கமும் விலகி நடுவுல இடம் விட்டுச்சு, ஹார்ப் எங்க இருக்கு, கொம்பு எங்க இருக்குன்னு கை காட்ட முடிஞ்சுது. நான் பொறக்குறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி ஒரு அறையில உக்காந்திருந்தவங்க. கண்ணு கலங்கிருச்சு, மறைக்க என்ன இருக்கு.

ஜனவரி 19

நாய்ஸ் ரிடக்‌ஷன் பத்தி கேட்டதுக்கு சுருக்கமா. எனக்கு டேப் இரைச்சல் வேணும். அத சுத்தமா துடைச்சு எடுக்குறப்ப கூடவே அறையோட காத்தும் போயிருது, வயலின் மேல இருக்குற அந்த மெல்லிய அரம் மாதிரி உரசல் போயிருது. சிம்பல் அடிச்சு ஓயுறது பாதில அறுந்த மாதிரி நிக்கும்.

ஜனவரி 19, மறுபடி

மேல சொன்னதுக்கு ஒரு வரம்பு சேக்கணும். ஆப்டிகல் ஃபிலிம்ல வர்ற படபட சத்தம், கீறல் சத்தம், கீழ ஓடுற மின்சார உறுமல் இதெல்லாம் போகட்டும், அது வாசிச்சவங்க போட்ட சத்தம் கிடையாது. நாற்காலி கிரீச்சிடுறது, பேப்பர் திருப்புற சத்தம், வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் இழுக்குற மூச்சு, இத தொடாதீங்க. நல்ல ரீஸ்டோரேஷன் எஞ்சினியருக்கு இந்த வித்தியாசம் காதுலயே தெரியும், எந்த பட்டன அழுத்தக் கூடாதுங்குறதுதான் அவரோட திறமை.

அதே மாதிரி சத்தத்த ஏத்துறது. பழைய ஸ்கோர்ல மெதுவான இடம் நிஜமாவே மெதுவா இருக்கும், பித்தளை வாத்தியம் வெடிக்கிறப்ப தூக்கிப் போடும். சில ரீமாஸ்டர்ல எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்து நிறுத்தி வச்சிருக்காங்க. அப்படி வர்றத நான் வாங்குறதில்ல, பழைய சிடியே போதும்.

ஜனவரி 23

முழுசு முழுசுன்னு எல்லாரும் சொல்றோம், நானும் மேல அதத்தான் சொல்லிட்டு வந்தேன். ஆனா கொஞ்ச நாளா மனசுல ஒரு உறுத்தல், இந்த இழைல வந்த ரெண்டு மூணு பதில் படிச்சதுல அது இன்னும் கூடிருச்சு.

முழு ஸ்கோர்ங்குறது படத்துக்குன்னு அளந்து தச்சது. 20 செகண்ட் க்யூ, கதவு திறக்குறதுக்கு ஒண்ணு, 40 செகண்ட் கார் போறதுக்கு ஒண்ணு. படம் இல்லாம வரிசையா கேட்டா சில ஸ்கோர் உயிரோட நிக்கும், சிலது துண்டு துண்டா விழும். இசையமைப்பாளர் அந்த 30 நிமிஷ ஆல்பத்துக்கு எத வைக்கலாம், எதுக்கு பின்னாடி எதுன்னு உக்காந்து யோசிச்சிருக்கார், அந்த யோசனையும் ஒரு படைப்புதான். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தோட சில பழைய எல்பி வரிசைய இன்னைக்கும் நான் முழு டிஸ்க்க விட அதிகம் கேக்குறேன், ஆரம்பிச்சு முடியுற வரைக்கும் ஒரே இழுப்பு.

அதுக்காக மிச்சம் கிடங்குலயே இருக்கட்டும்னு சொல்ல மனசு வராது. ஆக நான் எதிர்பாக்குறது இதுதான், ரெண்டையும் குடுக்கணும், படத்து வரிசை ஒரு டிஸ்க், ஆல்பம் வரிசை தனியா. லா-லா லேண்ட், இன்ட்ராடா மாதிரி லேபிள்கள் பல வெளியீட்டுல இத செய்றாங்க, அங்கதான் என் மரியாதை கூடுது. ஆல்பத்த தூக்கிட்டு "இதுதான் உண்மையான ஸ்கோர்"னு போடுறவங்க பாதி சரித்திரத்த அழிக்கிறாங்க.

ஜனவரி 25

நிராகரிக்கப்பட்ட இசை! இத யாரும் இன்னும் பேசவே இல்லையே.

ஏலியன், 1979. கோல்ட்ஸ்மித் ஆரம்பத்துக்கு எழுதுனது விண்வெளியோட பெருமைய காட்டுற, கிட்டத்தட்ட ரொமான்டிக்கான இசை. வேண்டாம்னுட்டாங்க, அவர் விட்டேத்தியா ஒரு வினோதமான சத்தக்கோர்வை எழுதிக் குடுத்தார், அது படத்துல வந்துச்சு. நடுவுல அவரே 1962ல ஃப்ராய்ட் படத்துக்கு எழுதுனத வெட்டி ஒட்டுனாங்க, கடைசில ஹோவர்ட் ஹான்சன்ங்குற வேற இசையமைப்பாளரோட ரெண்டாவது சிம்ஃபனி. 2007ல இன்ட்ராடா ரெண்டு சிடியா போட்டப்பதான் அவர் மனசுல வச்சிருந்த ஏலியன் எப்படி ஒலிச்சிருக்கும்னு நமக்கு முழுசா தெரிஞ்சுது.

ஸ்டார் ட்ரெக் முதல் படம், அதே 1979. கப்பல முதல் தடவ காட்டுற நீண்ட காட்சிக்கு அவர் முதல்ல எழுதுனதுல இன்னைக்கு உலகமே முணுமுணுக்குற அந்த தீம் கிடையாது. டைரக்டர் ராபர்ட் வைஸ் தீம் இல்லையேன்னு திருப்பி அனுப்புனார், அப்புறம்தான் அது பொறந்துச்சு. 2012ல வந்த மூணு சிடி செட்ல ரெண்டு வடிவமும் இருக்கு. முதல் வடிவம் மோசமெல்லாம் இல்ல, அழகான கடல் இசை மாதிரி அலையடிக்குது, ஆனா பிடி இல்ல. ஒரு மேதைக்கு "இது போதாது"ன்னு ஒருத்தர் சொன்னதும் அவர் என்ன பண்ணார்ங்குறத காதால கேக்கலாம், இத விட நல்ல இசைப்பாடம் எனக்குத் தெரியாது.

எல்லாத்தையும் விட வலிக்கிறது அலெக்ஸ் நார்த். 2001: எ ஸ்பேஸ் ஒடிஸிக்கு எழுதி ரெக்கார்டும் பண்ணி குடுத்துட்டு, படம் வெளியானப்ப போய் உக்காந்து பாத்தா அவரோட ஒரு சுரம் கூட இல்ல. 1993ல அவரோட நண்பர் கோல்ட்ஸ்மித், நேஷனல் ஃபில்ஹார்மோனிக்க வச்சு அத புதுசா ரெக்கார்ட் பண்ணார். அப்ப நார்த் உயிரோட இல்ல. அவர் தன்கிட்ட வச்சிருந்த மோனோ டேப்ல இருந்து ஒரிஜினல் வாசிப்பு 2007ல வெளிய வந்துச்சு. மோனோ, நெருக்கமான சத்தம். அந்த டேப்ப அவர் தூக்கிப் போடாம வச்சிருந்ததுக்கு நன்றி சொல்லணும்.

பிப்ரவரி 1

"டேப்பே இல்லன்னா என்ன பண்றது?"

அப்ப மறுபடி வாசிக்கணும். இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஷாவோட எல் சிட், 1961, படத்து செஷன் டேப் கைக்கு கிடைக்கல. டாட்லோ லேபிள் 2008ல ப்ராக் நகர ஃபில்ஹார்மோனிக்க வச்சு முழுசையும் புதுசா ரெக்கார்ட் பண்ணி குடுத்தாங்க, நடத்துனது நிக் ரெய்ன். லாரன்ஸ் ஆஃப் அரேபியாவும் 2010ல இப்படித்தான்.

இந்த வழிக்கும் மூத்தவங்க உண்டு. 1972ல சார்ல்ஸ் கெர்ஹார்ட் ஆர்சிஏ லேபிளுக்காக இசையமைப்பாளர் கோர்ன்கோல்டோட பட இசைய லண்டன் கிங்ஸ்வே ஹால்ல ரெக்கார்ட் பண்ணார், தயாரிப்பாளர் கோர்ன்கோல்டோட மகன் ஜார்ஜ். அந்த வரிசை வரலைன்னா 30கள் பட இசைய ஒரு தலைமுறை மறந்தே போயிருக்கும். 70கள்லயே எல்மர் பெர்ன்ஸ்டீன், அவரே பெரிய இசையமைப்பாளர், தன் கைக்காச போட்டு மத்தவங்க ஸ்கோர ரெக்கார்ட் பண்ணி சந்தாதாரர்களுக்கு அனுப்புனார், ஹிட்ச்காக் தன் படத்துக்கு வேண்டாம்னு ஒதுக்குன, பெர்னார்ட் ஹெர்மனோட டோர்ன் கர்ட்டன் இசையும் அதுல உண்டு.

மறுபடி வாசிக்க நோட்டு வேணும்ல? அங்கதான் இன்னொரு கொடுமை. எம்ஜிஎம் ஸ்டுடியோவோட ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர், வாத்திய பார்ட் எல்லாத்தையும் 60கள் கடைசி வாக்குல இடத்த அடைக்குதுன்னு குப்பைல கொட்டிட்டாங்க. மண்ணுக்கடியில போயிருச்சு. மிஞ்சுனது பியானோவுக்கு சுருக்கி எழுதுன தாள்தான். ஜான் வில்சன்ங்குற பிரிட்டிஷ் கண்டக்டர் அந்த சுருக்கத்தையும் படத்து ஒலியையும் வச்சுக்கிட்டு, காதால கேட்டு கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் திரும்ப எழுதி, 2009ல பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவுல வாசிச்சு காட்டுனார். ஒரு ரெண்டாவது கிளாரினெட் என்ன வாசிச்சுதுன்னு கண்டுபுடிக்க அந்த ஒரு செகண்ட எத்தன தடவ ஓட்டியிருப்பார்.

பிப்ரவரி 2

பதுக்கி வச்சு பல மடங்கு விலைக்கு விக்கிறவங்கள பத்தி கோபமா எழுதியிருந்தீங்க. அந்த கோபம் எனக்கும் உண்டு. சீல் பிரிக்காத டிஸ்க்குக்குள்ள இசை இல்ல, பொருள்தான் இருக்கு. வாங்குனா பிரிங்க, கேளுங்க. வேற சொல்ல எதுவும் இல்ல.

பிப்ரவரி 6

லேபிள்காரங்கள நான் கண்ணை மூடிட்டு பாராட்டுறேன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். சரி, பேர் சொல்லாம ஒண்ணு சொல்றேன். ஆசையா எதிர்பாத்த ஒரு செட், முதல் தடவ முழுசான்னு வந்துச்சு, போட்டா ஆர்க்கெஸ்ட்ரா கண்ணாடில பாக்குற மாதிரி இருக்கு, முதல் வயலின் வலதுல, பாஸ் இடதுல. ஒரு க்யூவோட கடைசி சுரம் அடங்குறதுக்குள்ள ஃபேட் பண்ணி வெட்டியிருக்காங்க. எழுதிக் கேட்டேன், நிறைய பேர் கேட்டிருக்காங்க போல, கடைசில திருத்துன டிஸ்க் அனுப்புனாங்க. இந்த கூட்டத்தோட குணம் இதுதான், இடது வலது மாறுனத கூட விட மாட்டாங்க. கேக்குறவங்க இப்படி இருக்குறதாலதான் செய்றவங்களும் கவனமா செய்றாங்க.

பிப்ரவரி 11

வாங்குறதுக்கு முன்னாடி எத பாக்கணும்னு கேட்டவருக்கு. "ரீமாஸ்டர்"ங்குற வார்த்தைய நம்பாதீங்க, அது எத வேணா குறிக்கலாம், பழைய சிடி ஃபைல கொஞ்சம் சத்தம் ஏத்துனாலும் ரீமாஸ்டர்தான். மூலம் என்னன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. மூணு ட்ராக் 35 எம்எம்மா, பல ட்ராக் உள்ள ரெண்டு இன்ச் டேப்பா, கால் இன்ச் ஆல்பம் மாஸ்டர் டேப்பா, ஸ்டெம்மா. புக்லெட்ல வெளிப்படையா சொல்றவங்க வேலையையும் ஒழுங்கா செஞ்சிருப்பாங்க. நல்ல லேபிள் கெட்டுப்போன க்யூவ கெட்டுப்போனதுன்னே சொல்லி கடைசில கூடுதல் ட்ராக்கா வைப்பாங்க. ஸ்பார்ட்டகஸ் படத்து இசைய 2010ல வரேஸ் சரபாண்ட் லேபிள் போட்டது ஆறு சிடி, ஒரு டிவிடி. ஸ்டீரியோல கிடைச்சது தனி, முழு ஸ்கோர் மோனோல தனி. இருக்குறது இவ்ளோதான்னு நேர்மையா வச்சாங்க.

ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி போட்ட பழைய சிடி எங்கயாவது கண்ல பட்டா புக்லெட்டுக்காகவே எடுங்க. பத்திரிகைல இருந்து வந்தவங்க, க்யூ க்யூவா எழுதுவாங்க, எது எந்த ரீல், எது படத்துல வெட்டுனது, யாரு ஆர்க்கெஸ்ட்ரேட் பண்ணது. 2012ல அவங்க போட்ட பென்-ஹர் அஞ்சு சிடி, அத படிச்சுட்டே கேட்டது ஒரு முழு வார இறுதி.

வினைல் ரீஇஷ்யூ வாங்கலாமான்னா, பல வினைல் அதே டிஜிட்டல் மாஸ்டர்ல இருந்துதான் வெட்டுறாங்க, பெருசா பாக்க அழகா இருக்கும், ஒலிக்காக மட்டும்னா சிடியே போதும்.

பிப்ரவரி 20

முதல்ல கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கேட்டுப் பாக்குறேன்"னு எழுதியிருக்கார். மனசு நெறஞ்சுது.

வெர்டிகோ, 1958, பெர்னார்ட் ஹெர்மன். 1996ல வரேஸ் சரபாண்ட் போட்ட படத்து ஒரிஜினல் வாசிப்பு. படத்துக்கு இசை பதிவு பண்ண நேரம் அமெரிக்காவுல இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம், ஹெர்மன் தன் இசைய தானே நடத்த முடியல. லண்டனுக்கு கொண்டு போனாங்க, மியூர் மேதிசன் நடத்துனார், ஸ்டீரியோல. பாதில லண்டன் கலைஞர்களும் அமெரிக்கக்காரங்களுக்கு ஆதரவா நின்னதால மிச்சத்த வியன்னாவுல போய் முடிச்சாங்க, அது மோனோ. அதனால டிஸ்க்ல கேட்டுட்டே வர்றப்ப ஒரு ட்ராக் விரிஞ்சு இருக்கும், அடுத்தது சுருங்கி நடுவுல வந்து நிக்கும். பழுதுன்னு நினைச்சு நிறுத்திறாதீங்க, வேலைநிறுத்தம் காதுல கேக்குற இடம் அது. ஹெட்ஃபோன்ல கேளுங்க, எந்த ட்ராக் எந்த ஊருன்னு புக்லெட்ட பாக்காம நீங்களே பிரிச்சு எழுதிட்டு வாங்க, சரிபாப்போம்.